பாலைத் தீவின் துறவிமடமும் திராட்சை ரசத்தின் நெடும் பயணமும்

வளைகுடா நாடுகள் என்றதும் எம்மவரின் மனக்கண்ணில் தோன்றுபவை சிலவே. எண்ணெய்க் கிணறு, மணல்வெளி, வானளாவிய கட்டடம், வீட்டுப் பணிக்கென்று சென்று ஆண்டுக்கணக்கில் தம் பிள்ளைகளின் முகம் காணாதிருந்த தாய்மார் ஆகியோரே அவை. மேற்கு நாடுகளுக்கு வரும் வழியில் டுபாய் விமான நிலையத்தின் கண்ணாடிச் சுவருக்கு உள்ளேயே ஓர் இரவைக் கழித்துவிட்டு, வெளியே ஓர் அடிதானும் வைக்காது வந்தவர்களும் எம்மிடையே பலர் உளர். அந்தச் சுவருக்கு அப்பாலுள்ள தீவுகளில் 1400 ஆண்டுகளுக்கு முன் தேவாலய மணியோசை கேட்டிருக்கக்கூடும் என்று எவரும் எமக்குச் சொன்னதில்லை.

ஐரோப்பாவில் வாழும் எம்மவர் குடும்பங்கள் கோடை விடுமுறையில் ஒருநாட் சுற்றுலா செல்வதுண்டு. பேருந்தில் ஒரு வழிகாட்டி இருப்பார். காலையில் மலைமேல் உள்ள பழைய துறவிமடம்; மாலையில் திராட்சைத் தோட்டமும் ரசம் பிழியும் ஆலையும். வளைகுடாவில் அத்தகைய ஒரு நாளை நாம் தேடிப் போனால் என்ன கிடைக்கும் என்ற வினாவே இக்கட்டுரைக்கு வித்து. மடம் கிடைக்கிறது, குன்றும் கிடைக்கிறது. திராட்சை ரசத்தின் கதையோ மடத்திலிருந்து புறப்பட்டு எமது மாதோட்டம் வரை வந்து சேர்கிறது.

உப்புக் குன்றின் அடியில்

அபுதாபி நகரிலிருந்து மேற்கே நெடுந்தூரம் சென்றால் ஜெபல் தன்னா என்னும் கரையை அடையலாம். அங்கிருந்து பத்துக் கிலோமீற்றருக்குக் குறைவான கடற்பயணத்தில் ஸீர் பனி யாஸ் தீவு இருக்கின்றது. அபுதாபி ஆளும் குடும்பத்தினர் சார்ந்த குலக்கூட்டத்தின் பெயரே பனி யாஸ் என்பது. தீவின் நடுவே கரடுமுரடான குன்றுகள் எழுந்து நிற்கின்றன. பூமியின் ஆழத்திலிருந்து உப்புப் படிவம் மேல்நோக்கித் தள்ளப்பட்டதால் உருவான குன்றுகள் இவை. மழை அரிதாகப் பெய்யும் இடம், நன்னீருக்குத் தட்டுப்பாடு. 1590ஆம் ஆண்டில் வெனிஸ் நகர இரத்தின வணிகரான கஸ்பாரோ பல்பி முத்துக் கிடைக்கும் தீவுகளைப் பட்டியலிட்டபோது இதன் பெயரையும் குறித்து வைத்தார்.

ஐக்கிய அரபு அமீரகத்தின் முதற் தலைவரான ஷேக் ஸயீத், இத்தீவை மரங்களும் மான்களும் நிறைந்த காப்பகமாக மாற்றினார். அவரது விருப்பப்படி 1992இல் அபுதாபித் தீவுகளின் தொல்பொருள் அளவாய்வு தொடங்கியது. தீவின் கிழக்குப் பகுதியில் சிதைந்த சுவர்களும் முற்றம் வைத்த வீடுகளும் தென்பட்டன. அவை எவருடையவை என்பது முதலில் விளங்கவில்லை. 1994இல் சிலுவை பொறித்த சாந்துத் துண்டுகள் வெளிப்பட்டன. அங்கே இருந்தது ஒரு தேவாலயமும் அதனைச் சூழ்ந்த துறவியர் அறைகளும் என்பது அதன் பின்னரே உறுதியாயிற்று. தேவாலயத்தின் சுவர்களைச் சிலுவைகளோடு திராட்சைக் கொடி வேலைப்பாடும் அலங்கரித்தது. கொடி வேரூன்றுதற்கு அரிய மண்ணில், சுண்ணச் சாந்தில் அதனைப் படரவிட்டார்கள் அத்துறவியர்.

மடம் ஏறத்தாழ கி.பி. 600 அளவில் எழுந்து 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வழக்கில் இருந்தது என்பது ஆய்வாளரின் கணிப்பு. அதாவது, இஸ்லாம் அரேபியா எங்கும் பரவிய பின்னரும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே மணியடித்து வழிபாடு நடந்திருக்கிறது. தீ வைத்த அடையாளமோ, இடித்த அடையாளமோ அங்கில்லை. துறவியர் தொகை குறைந்து, இறுதியில் எஞ்சியோர் ஒழுங்காக வெளியேறினர் என்றே கொள்ள வேண்டியுள்ளது.

2010ஆம் ஆண்டின் இறுதியில் இவ்விடம் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. 2019இல் மேற்கூரையும் நடைபாதையும் அமைத்து மீண்டும் திறந்து வைத்தார்கள். பாப்பரசர் பிரான்சிஸ் அபுதாபிக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். அரேபியத் தீபகற்பத்தில் ஒரு பாப்பரசர் கால் வைத்தது அதுவே முதற் தடவை. 2025இல் அத்தீவின் துறவியர் இல்லமொன்றில் சாந்தினாலான சிலுவைப் பலகை ஒன்று கிடைத்ததாக அபுதாபி அரசு அறிவித்தது.

தனியொரு மடமன்று

இதனை ஒரு தற்செயல் நிகழ்வாகக் கருதிவிடலாகாது. 2022 நவம்பரில் உம்முல் குவைன் அமீரகத்தின் சினியா தீவில் இரண்டாவது மடமொன்று கண்டறியப்பட்டதாகச் செய்தி வெளிவந்தது. அங்கே ஒற்றை நடைகொண்ட தேவாலயம், திருமுழுக்குத் தொட்டி, நற்கருணை அப்பம் சுடுவதற்கான அடுப்பு, திராட்சை ரசம் வைப்பதற்கான அமைப்பு ஆகியவை இருந்தனவென ஆய்வாளர் கருதுகின்றனர். கரிமக் கணிப்பு அதன் மாதிரிகளை 534க்கும் 656க்கும் இடைப்பட்டவை எனக் காட்டுகிறது. அதே தீவில் முத்துக்குளிப்போர் வாழ்ந்த பழம்பெரும் நகரொன்றின் எச்சங்களும் வெளிப்பட்டதாக 2023இல் அறிவித்தார்கள்.

குவைத்தின் பைலக்கா தீவில் 1980களின் இறுதியில் பிரெஞ்சு ஆய்வாளர் ஒரு தேவாலயத்தை அகழ்ந்தெடுத்தனர். சவூதி அரேபியாவின் ஜுபைலில் 1986இல் மற்றொன்று தற்செயலாக வெளிப்பட்டது. பஹ்ரேனின் ஸமாஹிஜ் கிராமத்தில் ஒரு மேடு; அதன்மேல் ஒரு பள்ளிவாசலின் இடிபாடு; அதற்கும் அடியில் 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மக்கள் புழங்கிய எட்டு அறைக் கட்டடம். அங்கே சாந்துச் சிலுவைகளோடு, இந்தியாவிலிருந்து வந்த மட்பாண்ட ஓடுகளும் செம்மணிகளும், திராட்சை ரசம் அருந்தும் சிறு கண்ணாடிக் கிண்ணத் துண்டுகளும் கிடைத்தன.

இவர்கள் எல்லோரும் கீழைத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். இச்சபையைப் பிறர் நெஸ்தோரியர் என்று அழைத்தனர். சபையின் தலைமைபீடம் பாரசீகப் பேரரசின் தலைநகர்ப் பகுதியில் இருந்தது. வழிபாட்டு மொழி சிரியாக். வடகிழக்கு அரேபியக் கரையை அவர்கள் பேத் கத்ராயே என்றனர். இன்றைய கட்டாரின் பெயர் அதனுள்ளே ஒலிக்கின்றது. ஓமான் பகுதியை மஸோன் என்றனர்; 424இல் நடந்த சபைக் கூட்டத்தில் மஸோனுக்கென ஓர் ஆயர் இருந்தமை பதிவாகியுள்ளது.

திராட்சை விளையாத கரையில்

நற்கருணை வழிபாட்டுக்கு அப்பமும் திராட்சை ரசமும் வேண்டும். கோதுமையைக் கப்பலில் கொணரலாம். ரசத்துக்கு என்ன செய்வது? உப்புக் காற்றும் கொடு வெயிலும் நிறைந்த கரையோரத்தில் ரசம் பிழியும் அளவுக்குத் திராட்சை விளைவித்தல் எளிதன்று. பழங்காலத்து வளைகுடாவில் பிழிந்தெடுத்தது பெரும்பாலும் பேரீச்சம்பழத்தையே. பஹ்ரேன் கோட்டை என வழங்கும் தொல்லிடத்தில் ஏறத்தாழ 3500 ஆண்டுகளுக்கு முந்திய மத்பஸா என்னும் அறைகள் காணப்படுகின்றன. அவற்றின் தரையில் வரப்பும் வாய்க்காலுமாகச் சாந்து பூசியிருப்பார்கள். அதன்மேல் பேரீச்சம்பழ மூடைகளை அடுக்குவார்கள். மேலுள்ள மூடைகளின் பாரமும் அறையின் வெக்கையும் சேர்ந்து பழத்தைக் கசியச் செய்யும். பாகு வாய்க்கால் வழியே வழிந்து, மூலையில் புதைத்த சாடியில் சேரும். எமது ஊரில் பனம்பழத்தைப் பிசைந்து பனாட்டு ஊற்றியவர்களுக்கு இத்தொழிலின் அருமை சொல்லாமலே விளங்கும்.

திராட்சை ரசமோ கடல்வழி வந்தது. மெசொப்பொத்தேமியாவிலும் தென்மேற்கு ஈரானிலும், கைப்பிடியற்ற, நீண்டு அடி கூம்பிய சாடிகளை வனைந்தார்கள். ரசம் கசியாதிருக்க உட்புறம் முழுவதும் நிலக்கீல் பூசினார்கள். திராட்சை ரசத்தை ஏற்றுமதி செய்யவே இவை பெரிதும் பயன்பட்டன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வளைகுடாத் துறைகளிலும், கேரளத்துப் பட்டணத்திலும், மன்னாரின் மாந்தையிலும், அநுராதபுரத்திலும் இச்சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்துள்ளன. அநுராதபுரத்து ஓடுகளில் ஒட்டியிருந்த நிலக்கீலை இரசாயன முறையில் ஆராய்ந்தவர்கள், அது ஈரானின் சூசாப் பகுதியைச் சேர்ந்தது என 2008இல் எடுத்துக்காட்டினர். கடல்கடந்து வந்த ரசம் எம்மவர்க்கு அதற்கும் முன்னரே பழக்கமானதுதான். யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் அருந்தியமை புறநானூற்றில் பதிவாகியுள்ளது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நடத்திய அகழ்வில் மத்தியதரைக் கடல் நாட்டு ரசச் சாடிகளின் ஓடுகள் வெளிவந்தன.

வளைகுடாவில் இந்த ரசம் பீடத்தில் மட்டும் இருந்ததன்று. 676ஆம் ஆண்டில் கீழைத் திருச்சபையின் தலைவரான கீவர்கீஸ், இன்றைய சவூதிக் கரைக்கு அப்பாலுள்ள தாரூத் தீவின் தாரீன் ஊருக்கு நேரில் வந்து ஆயர்களைக் கூட்டினார். அக்கூட்டம் இயற்றிய விதிகளுள் ஒன்று எம்மைப் புன்முறுவல் பூக்க வைக்கும். திருநாளில் நற்கருணை பெற்றுக்கொண்ட கையோடு யூதர்களின் மதுக்கடைக்குப் போகும் கிறிஸ்தவர்களை அது கண்டிக்கிறது. கிறிஸ்தவர்களின் கடைகள் இருக்கையில் அங்கே போவானேன் என்று வினவுகிறது. நபிகள் நாயகம் மறைந்து 44 ஆண்டுகள் கழிந்த பின், அரேபியக் கரையில், முஸ்லிம் ஆட்சியின் கீழ், யூதரும் கிறிஸ்தவரும் தத்தமக்கெனக் கடைகள் வைத்து அடுத்தடுத்து வாழ்ந்துள்ளனர் என்பதற்கு இந்த ஒரு விதியே சான்று.

அரேபியாவில் திராட்சைக் கொடிக்கு உகந்த இடமும் உண்டு, அது மலை. ஓமானின் ஜெபல் அக்தர், அதாவது பச்சை மலை, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2000 மீற்றர் உயரத்தில் படிக்கட்டு வயல்களைக் கொண்டது. மாதுளையும் திராட்சையும் ரோசாவும் அங்கே விளைகின்றன. 1830களில் அம்மலையில் ஏறிய ஆங்கிலக் கடற்படை அதிகாரி வெல்ஸ்டெட், அங்கு வாழ்ந்த பனு ரியாம் குலத்தார் திராட்சையிலிருந்து ரசம் செய்து ஒளிவின்றிப் பருகுவதைக் கண்டு வியந்து 1838இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். இன்று அம்மலைக்குச் சுற்றுலாச் செல்வோர் வாங்கி வருவது பன்னீரையும் மாதுளையையுமே.

திராட்சை கிடையாத இடத்தில் இச்சபையின் மக்கள் வழிபாட்டைக் கைவிட்டார்கள் அல்லர். கொடுங்கல்லூரைச் சேர்ந்த யோசேப்பு என்னும் குருவானவர் 1501இல் போர்த்துக்கேயக் கப்பலில் ஐரோப்பா சென்றார். மலையாளக் கரையில் திராட்சை ரசம் இன்மையால், உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றையே பீடத்தில் வைப்பதாக அவர் அங்கே கூறினார். அந்நிய நாட்டின் மாடிக் குடியிருப்பில், மின்சார அடுப்பில், மண்பானைக்குப் பதிலாக அலுமினியச் சட்டியில் முதற் பொங்கல் பொங்கிய எமது குடும்பங்களுக்கு அந்த ஊறிய திராட்சையின் பொருள் புரியும்.

மலைக்குச் சென்ற வளைகுடா மைந்தன்

பேத் கத்ராயே நாட்டில் பிறந்த ஒருவர் இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகிறார். அவர் பெயர் ஈசாக்கு. தாரீன் கூட்டத்தைக் கூட்டிய கீவர்கீஸ் அவரை நினிவே நகரின் ஆயராக அமர்த்தினார். ஐந்து மாதங்களில் அப்பதவியைத் துறந்த ஈசாக்கு, இன்றைய ஈரானின் குஸிஸ்தான் மலைப்பகுதிக்குச் சென்று துறவியரோடு வாழ்ந்தார். பின்னர் ரப்பான் ஷாபூர் மடத்தைச் சேர்ந்தார். ஓயாத வாசிப்பினாலும் கடுந்தவத்தினாலும் அவர் கண்பார்வையை இழந்ததாகவும், அவர் சொல்லச் சொல்ல மாணாக்கர் எழுதியதாகவும் சிரியாக் வரலாறு கூறுகிறது.

அவர் சிரியாக்கில் எழுதியவை பாலஸ்தீனத்தின் மார் சாபா மடத்தில் கிரேக்கத்துக்குப் பெயர்க்கப்பட்டன. அங்கிருந்து பல மொழிகளுக்குச் சென்றன. இரக்கம் என்பது மனிதருக்கு மட்டுமன்றி, பறவைக்கும் விலங்குக்கும் ஊர்வனவற்றுக்கும், ஏன் பகைவனுக்கும் உரியது என்பது அவரது போதனையின் சாரம். 2024 நவம்பரில் கத்தோலிக்கத் திருச்சபையும் அவரைத் தன் புனிதர் பட்டியலில் சேர்த்தது. அவர் பிறந்த நாட்டில் அவரது சபையின் மடங்கள் மணலுக்குள் போய் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாயின. அவர் சொன்னதை மாணாக்கர் எழுதி வைத்தமையால் அவர் சொல் மண்ணுக்குள் போகவில்லை.

எமது கரையில் கிடந்த சிலுவை

இந்தத் துறவியரின் உறவினர் எமது தீவிலும் இருந்தனர். 6ஆம் நூற்றாண்டில் எழுதிய அலெக்சாந்திரிய வணிகர் கொஸ்மாஸ், தப்ரபேன் தீவில் குடியேறிய பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு தேவாலயம் உண்டென்றும், பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்ட குருவும் திருத்தொண்டரும் அங்கு உளர் என்றும் குறித்தார். அத்தீவே இலங்கை. 1912இல் அநுராதபுரத்து இடிபாடுகளிடையே கல்லில் செதுக்கிய சிலுவையொன்று கிடைத்தது. போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது என முதலில் சிலர் எண்ணினாலும், அது கீழைத் திருச்சபையினரின் சிலுவை என்ற கருத்தே இன்று வலுப்பெற்றுள்ளது.

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அமைந்துள்ள மாதோட்டத் துறைக்கே பாரசீகக் கப்பல்கள் வந்தன. அவ்விடத்தில் 1980இல் தொடங்கிய அகழ்வாய்வு, பாரசீக, அராபிய, சீன ஓடுகளை அடுக்கடுக்காக வெளிக்கொணர்ந்தது. 1984இல் போர் அதனை நிறுத்தியது. மீண்டும் மண்வெட்டி அங்கே இறங்கியபோது 2009ஆம் ஆண்டாகி இருந்தது. அந்தக் கால் நூற்றாண்டில் எமது மக்களுக்கு நேர்ந்ததை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

முத்தும் இவ்விரு கரைகளையும் பிணைத்தது. 1905இல் மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் நடந்த பெரும் முத்துச் சலாபத்துக்கு வளைகுடாவிலிருந்து அராபியச் சுழியோடிகள் வந்து, எமது கடலில் தமிழ், முஸ்லிம் சுழியோடிகளோடு மூச்சடக்கி மூழ்கினர். அதே கரையோரத்து முஸ்லிம் மக்கள் 1990 ஒக்ரோபரில் வடமாகாணம் முழுவதிலிருந்தும் தம் உறவுகளோடு வெளியேற்றப்பட்டனர். அதைச் செய்தவர்கள் எமது பெயரால் செய்தனர். அகதிகளின் ஏடு இதனைச் சொல்லாது கடந்து போதல் நேர்மையாகாது.

நாம் எடுத்துவர வேண்டியது

வளைகுடா நாடுகளை நாம் இங்கே புகழ்ந்துரைக்கவில்லை. வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தின் ஆறு நாடுகளுள் ஒன்றேனும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இணையவில்லை. எம்மவரை உழைப்பாளராக ஏற்கும் அந்நாடுகள் அகதிகளாக ஏற்பதில்லை. ஆயினும், தம் மதமல்லாத, தம் மொழியல்லாத, வழித்தோன்றல் எவரும் வந்து உரிமை கோராத ஒரு சிறு கூட்டத்தாரின் வழிபாட்டிடத்தைத் தோண்டியெடுத்து, கூரை போட்டு, இது எமது நாட்டின் வரலாறு என்று அறிவித்தமை சிறிய செயலன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததையும், 1995 யூலை 9ஆம் திகதி நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தோர்மீது குண்டு வீழ்ந்ததையும் அறிந்த நாம், இந்த வேறுபாட்டைக் கவனியாதிருக்க முடியாது.

மடங்கள் ஏன் வெறுமையாயின என்பதற்கும் ஒரு பழைய கடிதம் விடை சொல்கிறது. 649 முதல் 659 வரை கீழைத் திருச்சபையின் தலைவராக இருந்த ஈஷோயாப், மஸோன் மக்கள் நம்பிக்கையைக் கைவிட்டது குறித்து மனம் வருந்தி எழுதினார். அராபியர் அவர்களை வற்புறுத்தவில்லை. உடைமையில் பாதியைக் கொடுத்தால் சமயத்தை வைத்துக்கொள்ளலாம் என்றனர். இவர்களோ உடைமையை வைத்துக்கொண்டனர் என்பது அவரது குற்றச்சாட்டு. அதனை ஒரு தலைவரின் கோபமாகவே நாம் கொள்ளலாம். பாதி உடைமையை இழந்தவரின் வலி அவருக்குத் தெரிந்திராது. எனினும் ஒரு சமூகம் வாள்முனையில் மட்டுமே மறைவதில்லை என்பதை அக்கடிதம் காட்டுகிறது. பிள்ளைகளுக்கு வழிபாட்டு மொழி விளங்காது போகும். குருவுக்குப் பின் குருவாக வர ஒருவர் இல்லாது போவார். ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டுக் கடைசித் துறவியும் படகேறுவார். ஸீர் பனி யாஸில் நடந்தது அதுவே.

புலம்பெயர்ந்த எமது குடும்பங்கள் முன்னே இன்றுள்ள கேள்வியும் அதுவே. எமது கோயில்களிலும் தேவாலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் தமிழ்ப் பள்ளிகளிலும் உள்ள பதிவேடுகள் எத்தனை? அவற்றைப் பாதுகாப்பார் எவர்? முதன்முதலில் இங்கு வந்தவர்கள் தம் பயணத்தை எழுதி வைத்தார்களா? ஸீர் பனி யாஸ் துறவியரின் பெயர் ஒன்றேனும் இன்று எமக்குத் தெரியாது. கண்ணிழந்த ஈசாக்கின் சொற்களை ஆயிரக்கணக்கானோர் அறிவர். இவ்வாரம் வீட்டிலுள்ள முதியோரின் அருகில் அமர்ந்து, அவர்கள் ஊரின் பெயரையும், அயலவரின் பெயர்களையும், புறப்பட்ட நாளையும், வந்த வழியையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குமாறு வாசகர்களை அன்புடன் வேண்டிக்கொள்கிறோம்.